விடைத்தாளைப் பார்த்துப் பேரம் பேசிய அணிகள்

விளையாட்டு நிரலில் கணினி அணிகளின் வீரர் மாற்றத்தை எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்னிடம் குறைவு. இதே வேலையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவள் நான். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், அந்தப் பதினெட்டில் ஒரு மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு உணவு இறங்குவதில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன். இனிப்பாக எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்; தடுக்க மாட்டேன்.

பேஸ்பால் என்னும் அடிபந்தாட்டத்தை உங்களில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்களிலும் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. நாம் உருவாக்கும் விளையாட்டில் ஆடுபவர் மட்டையைத் தொடுவதே இல்லை. ஓர் அணியின் மேலாளராக அமர்ந்து, யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று முடிவு செய்கிறார். எதிரிலுள்ள அணிகள் அனைத்தையும் கணினி நடத்துகிறது. ஆகவே அவர் பேரம் பேசுவது மனிதரோடு அன்று. நாம் எழுதிய நிரலோடு. அந்த நிரல் முட்டாளாக இருந்தால் ஆட்டம் செத்துப்போகும். திருடனாக இருந்தால் அழுகிப்போகும். இரண்டையும் எழுதியவள் நான்.

அப்போது எங்கள் அலுவலகம் உத்தமபாளையம் புறவழிச் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. பதினோரு பேர். கடல் கடந்த ஒரு நிறுவனத்துக்காக இந்த ஒரு பகுதியை மட்டும் செய்து கொடுத்தோம். நிரல் என் பொறுப்பு. அதை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது ஆமினாவின் பொறுப்பு. உத்தமபாளையத்துப் பெண், இருபத்தாறு வயது. அவளுடைய தந்தை தேவாரத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தார். பேரம் கேட்டே வளர்ந்தவள்.

நான் வளர்ந்தது அனுமந்தன்பட்டியில், பன்னீர்த் திராட்சைப் பந்தலின் கீழ். முதல் பிழை அங்கிருந்துதான் வந்தது. குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போகும் வண்டியில் பெட்டி ஏற்றும்போது, முதல் தரத்தில் ஒரு பெட்டி குறைந்தால் இரண்டாம் தரத்தில் மூன்று பெட்டி வைத்துச் சரிக்கட்டுவார்கள். வாங்குபவரும் தலையசைத்துவிடுவார், எடை எடைதானே. அந்தப் பழக்கம் என்னை அறியாமலே நிரலுக்குள் புகுந்துவிட்டது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பெண். ஆடுபவர் கொடுக்கும் வீரர்களின் கூட்டுத்தொகை அவர் வாங்கும் வீரர்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் கணினி அணி ஒப்புக்கொள்ளும். எழுதி முடித்தபோது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்குள் நானே மெச்சிக்கொண்டேன்.

ஒப்படைக்க ஆறு நாள் இருந்தபோது, ஒரு முற்பகலில் ஆமினா அழைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் இங்கன வாங்க. ஒரு கூத்து காட்டுறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். அவள் மூன்று நடுத்தர வீரர்களைக் கொடுத்து, ஓர் அணியின் தலைசிறந்த பந்தெறிபவரைக் கேட்டாள். கணினி உடனே ஒப்புக்கொண்டது.

"மூணு சொத்தையக் குடுத்து ஒரு ராசாவ வாங்கிட்டேன். அதுகூடப் போகட்டும். இப்பப் பாருங்க."

ஒருவர் போன இடத்தில் மூவர் வந்ததால் அந்த அணியின் பட்டியலில் இடம் போதவில்லை. ஆகவே, சற்றுமுன் வாங்கிய மூவரில் ஒருவரைக் கணினியே வெளியேற்றியது. அணியற்று நின்ற அவரை ஆமினா எடுத்துக்கொண்டாள். வேறோர் அணிக்குக் கொடுத்தாள். அந்த அணியும் அவரை வெளியேற்றியது. மீண்டும் எடுத்தாள், மீண்டும் கொடுத்தாள்.

"ஒத்த ஆள மூணு ஊருக்கு வித்துட்டேன்க்கா. சந்தையில வித்த மாட்ட ராவோட ராவா அவுத்துட்டு வர்றவன்கூட ஒருக்காத்தான் செய்வான்."

அறை முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ ஏமாத்தணும்னே ஆடுற. ஆடுறவுக யாரு இப்படி ஆடுவாக?"

"ஆடுவாகக்கா. நானே ஆடிட்டேன்ல?"

"போ ஆத்தா, போயி வேலையப் பாரு."

"இதாங்க்கா என் வேல," என்றாள். பிறகு குரலைத் தணித்து, மற்றவர்கள் கேட்காதபடி சொன்னாள்: "நீங்க இத திராட்சப் பெட்டியா எண்ணிட்டீக. பெட்டின்னா லாரியில அடுக்கிக்கிட்டே போகலாம். இங்கன களத்துல ஒம்பது பேருதான். பத்தாவது ஆளு எம்புட்டுப் பெரிய ஆளுன்னாலும் வெளியில உக்காந்து வேடிக்கதான் பாக்கணும்."

ஒரே மூச்சில் என் நிரலின் முதுகெலும்பை முறித்துவிட்டாள். அவள் சொன்னது முழுவதும் சரி என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது. பொய்ப் பழிக்கு இவ்வளவு கோபம் வராது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீரரின் மதிப்பு வீரருக்குள் இல்லை. அவர் நிரப்பப் போகும் இடத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு கோப்பையைத் தொடக்கூடிய அணி, நாளைக்கு வளரப்போகும் இளைஞனைக் கொடுத்து இன்றைக்கு அடிக்கத் தெரிந்த முதியவரை வாங்கும். கடைசி இடத்தில் கிடக்கும் அணி அதே முதியவரைக் கொடுத்து அதே இளைஞனை வாங்கும். இருவரும் ஆதாயம் பெற்றதாக எண்ணுவார்கள், எண்ணுவது சரியும்கூட. கணினி அணிக்கு இதைக் கற்பிக்க வேண்டுமானால், 'எனக்கு யார் இல்லை, யார் மிகை, நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன்' என்று அது முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதை ஒழுங்காக எழுத மூன்று வாரம் ஆகும் என்று கணக்கிட்டேன். இருந்தது ஆறு நாள்.

எங்கள் அலுவலகத் தலைவரிடம் போனேன். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதி அந்தப் பெயருக்கு இல்லை. மூன்று வாரம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதலாம் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எழுதுனா அவுக வேற ஊருக்குக் குடுத்துருவாக மேடம். கம்ப்யூட்டர் டீமு கேக்குற வெலைய ஒன்றரை மடங்கா ஏத்தி விடுங்க. எவனும் ஏமாத்த முடியாது."

ஏற்றினேன். மறுநாள் ஆமினா ஆடினாள். எந்த அணியும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. நியாயமான மாற்றம், அநியாயமான மாற்றம், எல்லாவற்றுக்கும் ஒரே மறுப்பு.

"பூட்டுன கடைக்கு முன்னால நின்னு பேரம் பேசுற மாதிரி இருக்கு," என்றாள். "மொத நாள் ஏமாந்தவன், ரெண்டாம் நாள் கதவச் சாத்திட்டுப் படுத்துட்டான். அம்புட்டுத்தான்."

அடுத்து தலைவர் சொன்னதுதான் என் வாழ்நாளின் கறை. அதைப் புரிந்துகொள்ள இன்னொரு செய்தி தெரிய வேண்டும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் உண்மைத் திறன் என்று ஓர் எண் உண்டு. அது யாருக்கும் தெரியாது. ஆடுபவருக்குக் கிடைப்பதெல்லாம், வீரர்களைப் பார்த்து எடைபோடும் அவருடைய வேவாளர் தரும் மதிப்பீடு. அது பலமுறை தவறும். தவறக்கூடும் என்பதில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. கணினி அணிகளுக்கும் அதே வேவாளர், அதே தவறு என்று விளையாட்டின் விதிக்குறிப்பில் எழுதி வாக்குக் கொடுத்திருந்தோம்.

"கம்ப்யூட்டர் டீமு மட்டும் உண்மை நம்பரப் படிக்கட்டும்," என்றார் தலைவர். "ஒத்த வரிதான மேடம்? ஆடுறவனுக்கு எப்படித் தெரியும்?"

ஒரே ஒரு வரிதான். ஒன்றரை மடங்கை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தேன்; அரை நாளில் முடிந்தது. அதைவிடக் கொடுமை என்னவென்றால், அது அழகாக வேலை செய்தது. கணினி அணிகள் திடீரென்று அறிவாளிகள் ஆகிவிட்டன. நலிவு தொடங்கப்போகும் வீரரைச் சரியான வேளையில் தள்ளிவிட்டன. யாரும் கண்டுகொள்ளாத இளைஞனைக் கேட்டு வாங்கின. என் கூட்டல் பிழை எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்காது; அதன்மேல் பொய்யைப் பூசி மெழுகியாகிவிட்டது.

ஒப்படைப்பு அறிக்கையில் சோதனையாளர் கையொப்பமிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்கு மேலே, 'கணினி அணிகள் விதிக்குறிப்பின்படி நடந்துகொள்கின்றன' என்று ஒரு வரி. ஒரு நாள் ஆடிப் பார்த்ததிலேயே கணினி அணிகள் உண்மை எண்ணைப் படிப்பதைக் கண்டுபிடித்து என்னிடம் சொல்லியிருந்த ஆமினா பேனாவைத் தொடவில்லை.

"இந்த வரிய அடிச்சிருங்க, போடுறேன்."

"அடிக்க முடியாதும்மா. அந்த வரிதான் அவுகளுக்கு வேணும்," என்றார் தலைவர்.

"அப்ப அந்த ஒத்த வரிய நிரல்லருந்து எடுங்க, போடுறேன்."

"இந்தா பாரு, இது வெளையாட்டு. உசுரா போகுது?"

"வெளையாட்டுல கள்ளாட்டம் ஆடுனாத்தான் சார் வெளையாட்டே போகுது. பரீட்சையில பக்கத்துல உள்ளவன் பேப்பரப் பாத்தாக்கூட மன்னிச்சிரலாம். இது விடைத்தாள மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. உக்காந்துக்கிட்டு, 'நானும் உங்கள மாதிரிதான் படிச்சேன்'னு வேற சொல்லுது."

தலைவர் என் பக்கம் திரும்பினார். சோதனையாளர் இல்லாதபோது நிரலின் பொறுப்பாளர் கையொப்பமிடலாம் என்று ஒரு விதி இருந்தது. சோதனையாளர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பதினோரு பேரின் பிழைப்பு என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டேன். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம் என்று எண்ணியதாகவும் சொன்னேன். இரண்டும் பாதிப் பொய். அந்த ஒற்றை வரி என் முட்டாள்தனத்தை ஊர் அறியாமல் மறைத்தது, அதனால்தான் கையொப்பமிட்டேன். நெருக்கடியில் நீங்கள் எடுக்கும் முடிவுக்கு எப்போதும் ஒரு பொதுநலக் காரணம் கிடைக்கும். அது கிடைத்தவுடன் அதற்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.

இரண்டு மாதம் கழிந்தது. எங்கோ வீட்டில் அமர்ந்து ஆடியவர்கள் எங்களைக் கண்டுபிடித்தார்கள். எப்படித் தெரியுமா? எங்கள் கள்ளத்தனத்தையே கருவியாக்கி! ஒரு வீரரைக் கொடுக்கிறேன் என்று கணினி அணியிடம் கேட்பார்கள். அது பாய்ந்து பாய்ந்து வாங்க வந்தால், வீரர் உண்மையில் வல்லவர். முகத்தைத் திருப்பிக்கொண்டால், வேவாளர் எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் வெறுங்கூடு. விடையைத் தெரிந்துகொண்டு பேரத்தைக் கைவிட்டுவிடுவார்கள். மறைத்து வைத்த எண்ணைக் கணினியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. தவறக்கூடிய ஆட்டத்தைத் தவறவே முடியாத ஆட்டமாக்கிவிட்டோம். முந்தைய பதிப்புகளிலிருந்தே ஆறு ஆண்டுகளாக ஆடிவந்த ஒருவர், இனி இதைத் திறக்கப்போவதில்லை என்று நிறுவனத்துக்கு எழுதியிருந்தார். அவர் வசைச்சொல் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

நிறுவனம் விளக்கம் கேட்டது. ஒரு பிற்பகலில் திரையின் முன் அமர்ந்தோம்: தலைவர், நான், ஆமினா. மறுமுனையில் அந்த நிறுவனத்து அதிகாரி ஒருவர். இந்த வரி எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார். தலைவர் சற்றும் கூசாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: அது சோதனைக்காக வைக்கப்பட்ட வரி, ஒப்படைக்குமுன் நீக்கியிருக்க வேண்டும், சோதனையாளர் கவனிக்கத் தவறிவிட்டார்.

ஆமினா வாய் திறந்தாள். தலைவர் சாவகாசமாக விரலை நீட்டி எங்கள் பக்கத்து ஒலியை அணைத்தார். அவள் பேசினாள். அழுத்தமாக, ஒழுங்காக, தேதி வரிசையாகப் பேசினாள். திரையில் அந்த மனிதர் எதுவும் காதில் விழாமல், மரியாதைக்காகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஒலியைத் திறக்கும் விசை எனக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். காரணம் கவனக்குறைவு என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருத்திக்குக் கவனக்குறைவு என்று சான்று கொடுத்தால், அதன்பின் அவளுக்கு எந்த ஊரில் அதே வேலை கிடைக்கும்? லோயர் கேம்ப்பிலிருந்து தேனி வரைக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்களை ஒரு சிற்றுந்தில் ஏற்றிவிடலாம். ஒருவரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்னதாகும். இது தலைவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான்கு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இந்த நான்கு நாளைச் சொல்லாமல் விட்டுவிடலாம்; கதை எனக்குச் சாதகமாக ஆகிவிடும். ஆகவே சொல்கிறேன். நான்கு நாளும் வேலைக்குப் போனேன், உண்டேன், உறங்கினேன்.

ஐந்தாம் நாள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புவதற்குமுன் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அச்செடுத்துக்கொண்டு, மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தந்தை கதவைத் திறந்தார்.

"வாங்க, உக்காருங்க," என்றார். உள்ளே திரும்பி, "ஆமினா, ஒங்க ஆபீஸ்லருந்து வந்திருக்காக," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பேச வந்தீகளா? அன்னைக்குப் பேசலன்னு சொன்னா," என்றார். குரலில் சினம் இல்லை. மண்டியில் ஒரு தாரைத் திருப்பிப் பார்த்து, அழுகலைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே வைப்பவரின் குரல்.

ஆமினா வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். எனக்குள் ஓர் அற்பமான எதிர்பார்ப்பு இருந்தது. கண் கலங்குவாள், 'பரவாயில்லைக்கா' என்பாள் என்று. நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். சொல் சொல்லாகச் செதுக்கியிருந்தேன்.

"என்னக்கா எழுதியிருக்கீக?" என்றாள். விரலை ஒரு வரியின்மேல் வைத்தாள். "'இக்குறை உரிய காலத்தில் எங்கள் கவனத்திற்கு வரவில்லை.' வரலையா? நான்தானக்கா கொண்டாந்து குடுத்தேன்."

அவள் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"'அலுவலகம் வருந்துகிறது.' ஆபீசுக்குக் கையி இருக்கா, காலு இருக்கா? போய்க் கையெழுத்துப் போட்டது ஆபீசா?"

"நான்தான்."

"அத எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம். என்னயப் பத்திப் புகழ்ந்து கடைசியில நாலு வரி இருக்கு, அதையும் எடுத்துருங்க. அத வச்சு நான் என்ன செய்ய?"

அங்கேயே அமர்ந்து மாற்றி எழுதினேன். ஒரு பக்கமாக இருந்தது நான்கு வரியாகிவிட்டது: கணினி அணிகள் மறைவெண்ணைப் படிக்கும்படி நிரலை எழுதியது நான். ஆமினா அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். கையொப்பமிட மறுத்தார். அவருக்கு எதிரிலேயே நான் கையொப்பமிட்டேன்.

திரையைத் திருப்பிக் காட்டினேன். இரண்டுமுறை படித்தாள்.

"அனுப்புங்க."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையொப்பமிட்ட அறிக்கைப் பக்கத்தையும் இணைத்து அனுப்பினேன்.

இதனால் தலைவர் வீழ்ந்தார் என்று எண்ணாதீர்கள். அவர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். நிறுவனம் மூன்று வாரம் தந்தது. நிரலைத் திருத்தி எழுதினோம். ஆமினாவைத் திரும்ப அழைக்கும்படியும் எழுதியது. அவள் வரவில்லை. தேனியில் வேறோர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாள். முந்தைய வேலையிலிருந்து ஏன் நீக்கினார்கள் என்று அங்கே கேட்டபோது, அவள் எடுத்து நீட்டியது ஒரே ஒரு தாள். அந்தத் தாள் எப்படி அவளிடம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தை அனுப்பிவிட்டுக் கணினியை மூடினேன். எழப் போனேன். அவள் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"அந்த நாலு வரியையும் இதுல கையால எழுதுங்கக்கா."

"மெயில்ல போயிருச்சேம்மா."

"அது அவுகளுக்குப் போச்சு. இது எனக்கு."

எழுதினேன். அவள் அருகிலேயே நின்றாள். கடைசி வரி முடிந்ததும் விரலால் தாளின் அடியைத் தொட்டுக் காட்டினாள்.

"அன்னைக்குப் போட்டீகள்ல, அதே கையெழுத்து. இங்கன போடுங்க."